மாதம் 7,500 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்

சென்னையின் தென்புறத்தில், பாதாளச் சாக்கடை இணைப்பு இன்னும் வந்து சேராத ஒரு பகுதியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. 168 வீடுகள். எல்லா வீடுகளின் குளியலறை, சமையலறை, கழிப்பறைத் தண்ணீரும் வாகன நிறுத்தத்துக்கு அடியில் உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறது. நாங்கள் அதை எஸ்.டி.பி. என்று சொல்வோம். வங்கியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னை, 'கணக்கு வழக்கு தெரிந்தவர்' என்று சொல்லி 2024 தொடக்கத்தில் சங்கச் செயலாளர் ஆக்கினார்கள். அதுவரை அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அடுத்த எட்டு மாதங்களில் நான் பட்ட பாட்டைப் பக்கத்துக் குடியிருப்பின் செயலாளர் யாராவது படக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பொறுப்பேற்ற கையோடு மின்கட்டண ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். பொதுப் பயன்பாட்டு இணைப்புக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. எது அதிகம் இழுக்கிறது என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டேன். "எஸ்.டி.பி. புளோயர்தான் அம்மா, 5 எச்.பி., இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது" என்றார். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை நிறுத்தினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 யூனிட், மாதம் 7,500 ரூபாய் மிச்சம் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். இரவில் யாரும் தண்ணீர் பயன்படுத்துவதில்லையே, அப்புறம் எதற்கு ஓட வேண்டும் என்பது என் வாதம். நிலையத்தை இயக்கும் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரிடமும் கேட்டேன். ஒன்றும் ஆகாது என்றார். செயற்குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்மானத்தில் இருப்பது என் கையெழுத்து.

புளோயர் என்றால் என்ன, அது எதற்காக ஓடுகிறது என்று அன்று என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் போதும். எஸ்.டி.பி.யில் கழிவைச் சுத்தம் செய்வது இயந்திரம் அல்ல, நுண்ணுயிர்கள். ஏரேஷன் டேங்க் என்கிற காற்றேற்றும் தொட்டியில் கோடிக்கணக்கில் வாழும் அவைதான் கழிவைத் தின்று தீர்க்கின்றன. அவற்றுக்கு மூச்சுக் காற்று வேண்டும். தொட்டியின் அடியில் உள்ள டிஃப்யூசர்கள் வழியாகச் சிறு சிறு குமிழ்களாக அந்தக் காற்றை அனுப்புவதுதான் புளோயரின் வேலை. நாம் தூங்குகிறோம் என்பதற்காக அவை மூச்சு விடாமல் இருக்குமா? காற்று நின்றதும் நீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. நுண்ணுயிர்கள் திரண்டு மிதந்துகொண்டிருந்த கசடு அடியில் படிந்து அழுகத் தொடங்குகிறது. போதாததற்கு, காற்றழுத்தம் இல்லாத நேரத்தில் டிஃப்யூசரின் நுண்துளைகளைக் கசடு அடைத்துக்கொள்கிறது. காலையில் மறுபடி ஓட்டினாலும் பழைய அளவுக்குக் காற்று வராது. நாள்தோறும் எட்டு மணி நேரம் இப்படி நடந்தால் என்ன ஆகும்?

மூன்றாவது வாரத்தில் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. முதல் தளத்தில் இருப்பவர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள். கழிப்பறைத் தொட்டிகளுக்கு வரும் சுத்திகரித்த நீர் சாம்பல் நிறத்தில் வந்தது. மேற்பார்வையாளர் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கொட்டச் சொன்னார். கொட்டினோம். இரண்டு நாள் நாற்றம் மட்டுப்பட்டது, பிறகு முன்னைவிட மோசமானது. உயிரோடு மிச்சமிருந்த நுண்ணுயிர்களையும் நாங்கள் பிளீச்சிங் போட்டுக் கொன்றிருக்கிறோம் என்பது பின்னால்தான் புரிந்தது. உங்கள் நிலையத்தில் நாற்றம் வந்தால் அதை மூடி மறைக்க எதையும் கொட்டாதீர்கள். முதலில் புளோயர் ஓடுகிறதா, தொட்டியின் எல்லாப் பக்கமும் குமிழ் சீராக வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். நன்றாக இயங்கும் ஏரேஷன் தொட்டியில் மழை நனைத்த மண்ணின் வாசனை இருக்கும். நிறம் கருப்பட்டிக் காப்பி போல் இருக்கும். வெள்ளை நுரை பொங்கினாலோ, நீர் கறுத்துப் போனாலோ ஏதோ சரியில்லை என்று பொருள். இதற்கு ஆய்வகம் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

எங்கள் உபரி நீர் தெருவோர மழைநீர் வடிகாலில் கலந்துகொண்டிருந்தது. கலக்கக் கூடாது என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. அந்த வடிகால் போய்ச் சேரும் இடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். 2022இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அதே சதுப்புநிலம்தான். பூநாரை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் பேரக்குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாலையோரம் நின்று பார்ப்பவள் நான். அந்தத் தண்ணீருக்கு என் வீட்டுக் கழிவைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வடிகாலில் நுரை ஓடுகிறது என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் செய்தது சரி. ஜூலை மாதம் ஒரு காலை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து இருவர் வந்தார்கள். கண்ணியமாகத்தான் பேசினார்கள். வெளியேறும் நீரில் மாதிரி எடுத்தார்கள், பதிவேட்டைக் கேட்டார்கள், நிலையத்தை இயக்க வாரியம் தரும் அனுமதியான இசைவாணையைக் கேட்டார்கள். மாதிரிக்கு ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது படிக்காமலேயே போட்டேன். வங்கியில் வாடிக்கையாளர்களிடம் 'படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்' என்று 34 ஆண்டுகள் சொன்ன நான், பதற்றத்தில் அதைச் செய்யவில்லை. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவு மாதிரி எடுப்பதற்கு ஒரு நடைமுறையை வகுத்திருக்கிறது. பரிசோதனைக்கு அனுப்பப்போவதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மாதிரியை நம் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, இரண்டையும் முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். நாம் கேட்டுக்கொண்டால் இரண்டாவது பாதி வேறோர் ஆய்வகத்துக்குப் போகும். எங்கள் தண்ணீர் கெட்டுப்போயிருந்தது உண்மை, அதை மறுக்க இந்தப் பிரிவைத் தேட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனால் நியாயமாக நடத்தும் ஒரு நிலையத்துக்கு அந்த இரண்டாவது பாதி பெரிய பாதுகாப்பு.

பதிவேட்டை விரித்தபோதுதான் எனக்கு உண்மையான அவமானம். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பு ஆறு மாதமாக ஒவ்வொரு நாளும் 7.2. புளோயர் ஓடிய நேரம் ஒவ்வொரு நாளும் 24 மணி, நாங்கள் எட்டு மணி நேரம் நிறுத்திவைத்திருந்த நாட்களிலும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாளைக்கும் நாளை மறுநாளுக்கும் சேர்த்தே எழுதி வைக்கப்பட்டிருந்தது. ரொக்கப் பேரேட்டில் ஓர் எழுத்து பிசகினால் கண்டுபிடிக்கும் நான் இந்தப் பதிவேட்டை ஒரு முறைகூடப் புரட்டிப் பார்க்கவில்லை. ஆபரேட்டரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு குடியிருப்புகளுக்குச் சேர்த்து ஓர் ஆளாக ஓடிக்கொண்டிருந்த இளைஞர் அவர். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எழுதச் சொன்னார்கள், எழுதினார். நீங்கள் செயலாளரோ பொருளாளரோ, வாரம் ஒரு முறை அந்தப் புத்தகத்தைப் பார்த்து ஒரு கையெழுத்துப் போடுங்கள். எண்கள் மாறாமல் இருந்தால் யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம். எஸ்.டி.பி.க்கென்று தனி மின்மீட்டரும், உள்ளே வரும் நீருக்கும் வெளியே போகும் நீருக்கும் ஓட்டமானிகளும் வைத்துவிட்டால் பொய் எழுதுவது கடினம். புளோயர் 24 மணி நேரம் ஓடியது என்று புத்தகம் சொன்னால், மின்மீட்டர் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும்.

இசைவாணை விஷயம் இன்னும் மோசம். கட்டுநர் ஒப்படைத்த கோப்புகளில் தேடி எடுத்தேன். அவர்கள் நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தது. காலாவதியாகி 14 மாதம் ஆகியிருந்தது. குடியிருப்பு நம் கைக்கு வந்ததும் எல்லாம் தானாக நம் பெயருக்கு மாறிவிடும் என்று நானும் எனக்கு முன்னால் இருந்தவர்களும் நினைத்துக்கொண்டிருந்தோம். மாறாது. சங்கத்தின் பெயரில் மாற்றித் தரக் கேட்டு நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும், காலாவதிக்கு முன்பே புதுப்பிக்க வேண்டும். எங்கள் கட்டடம் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டது என்பதால் கட்டுவதற்கு முன்பு சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். அதன் நிபந்தனைகளை நிறைவேற்றுவது பற்றி ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதையும் அந்தக் கோப்பின் கடைசிப் பக்கங்களில்தான் படித்தேன். கட்டுநரிடமிருந்து சாவி வாங்கும் நாளில் நீச்சல் குளத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் சுற்றிப் பார்ப்பதில் காட்டும் அக்கறையை இந்தக் காகிதங்களில் காட்டுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி, இசைவாணை, நிலையத்தின் வடிவமைப்பு வரைபடம், மோட்டார்களின் உத்தரவாதச் சீட்டு, கடைசி ஆறு மாத ஆய்வக அறிக்கைகள், இவை கைக்கு வராமல் ஒப்படைப்புக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள்.

வடிவமைப்பு வரைபடம் ஏன் என்றால், உங்கள் நிலையம் உங்களுக்குப் போதுமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவாக வரும். 168 வீட்டுக்கு 90,000 லிட்டரைத் தொடுகிறது. எங்களுடையது அந்த அளவுக்குத்தான் கட்டப்பட்டிருந்தது. ஆக, நிலையத்தின் மேல் பழி போட எனக்கு வழியில்லை.

மூன்று வாரத்தில் விளக்கம் கேட்கும் நோட்டீஸ் வந்தது. எங்கள் இசைவாணைப்படி வெளியேறும் நீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள்ளும் மிதக்கும் திடப்பொருள் 30க்குள்ளும் இருக்க வேண்டும். எங்களுடையது 86, 140. பி.ஓ.டி. என்பது நீரில் இருக்கும் கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்ற அளவு. 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்திருந்து அளப்பார்கள். அது அதிகமாக இருந்தால், நம் கழிவு போய்ச் சேரும் ஏரியில் மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனை அது பறித்துக்கொள்கிறது என்று பொருள். வரம்புகள் ஆணைக்கு ஆணை மாறும், புதிய ஆணைகளில் இன்னும் இறுக்கமாகவும் இருக்கலாம். பக்கத்துக் குடியிருப்பைக் கேட்காமல் உங்கள் ஆணையைப் படியுங்கள்.

பதினைந்து நாளில் பதில் தர வேண்டும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவின் கீழ் மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கச் சொல்ல வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. சுற்றுச்சூழல் இழப்பீடு என்று மத்திய வாரியம் வகுத்திருக்கும் கணக்கின்படி மீறல் நடந்த நாளொன்றுக்குக் குறைந்தது 5,000 ரூபாய். ஆணை காலாவதியான நாளிலிருந்து எண்ணினால் 21 லட்சத்தைத் தாண்டியது. அந்தத் தொகையைத் துண்டுச்சீட்டில் எழுதி, மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தேன். வாட்ஸ்அப் குழுவில் 'செயலாளர் பதில் சொல்ல வேண்டும்' என்று எழுதினார்கள். தீர்மானத்துக்குக் கைதட்டியவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பொருளாளர் மகன் வீட்டுக்கு வெளிநாடு போய்விட்டார். அந்த நாட்களில் யாராவது ஒருவர் கதவைத் தட்டி 'வாருங்கள், சேர்ந்து போய்ப் பார்க்கலாம்' என்று சொல்ல மாட்டார்களா என்று ஏங்கினேன்.

பதில் கடிதத்தில் எதையும் மறைக்காமல் எழுதினேன். புளோயரை இரவில் நிறுத்தியது எங்கள் முடிவு, ஆணையைப் புதுப்பிக்காதது எங்கள் தவறு, இன்ன தேதிக்குள் இன்ன வேலை முடியும், அதுவரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் லாரியில் அனுப்புவோம் என்று தேதி வாரியாக அட்டவணை போட்டேன். தயவுசெய்து இந்த இடத்தில் வீம்பு பிடிக்காதீர்கள்; 'எங்களுக்குத் தெரியாது, கட்டுநரைக் கேளுங்கள்' என்று எழுதாதீர்கள். நிலையத்தை இயக்குபவர் யாரோ அவரே பொறுப்பு. எங்களுக்கு அவகாசம் கிடைத்தது, இழப்பீடு விதிக்கப்படவில்லை. எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

லாரியைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் வந்தவர் லோடுக்கு 1,500 ரூபாய் கேட்டார். எங்கே கொட்டுவீர்கள் என்றேன். "அதை எங்களிடம் விட்டுவிடுங்கள் மேடம்" என்றார். ரசீதும் தர மாட்டாராம். உரிமம் பெற்ற, சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டியதற்குச் சீட்டு கொண்டுவந்து தரும் லாரிக்காரர் 1,800 கேட்டார். அந்த 300 ரூபாய்க்காக நாங்கள் பேரம் பேசியிருந்தால், எங்கள் கழிவு வேறொரு ஊரின் ஏரிக்கரையில் கிடந்திருக்கும்.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை இன்றைக்கும் உறங்கவிடாத விஷயம். லாரி வரத் தொடங்கிய ஐந்தாம் நாள் இரவு, கழிவுநீர் முதலில் வந்து சேரும் தொட்டியின் மோட்டார் அடைத்துக்கொண்டது. மேன்ஹோல் வழியாக நீர் பொங்கி வாகனப் பாதையில் ஓடியது. ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். "ஆட்களை வரச் சொல்கிறேன், 3,000 ரூபாய் ஆகும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். என்ன செய்வார்கள் என்று கேட்கவில்லை. பத்தரை மணிக்குக் கீழே போனபோது இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவருக்கு என் மகனின் வயதுகூட இருக்காது. சட்டையைக் கழற்றி மடித்துச் சுவரின் மேல் வைத்துவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அடி ஆழத் தொட்டி. மூடி திறந்து கிடந்தது. "இறங்கட்டுமா அம்மா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாளில் படிக்கிறோமே, கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி இருவர் பலி, மூவர் பலி என்று. அதில் 'உரிமையாளர்' என்று ஒருவர் குறிப்பிடப்படுவார். அந்த உரிமையாளர் நான்தான் என்று அந்த நொடியில் தெரிந்தது. வேண்டாம், யாரும் இறங்கக் கூடாது என்று கத்தினேன். மேற்பார்வையாளர் "வழக்கமாகச் செய்வதுதான், வாசனை அவ்வளவாக இல்லை" என்றார். அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, அளவு கூடும்போது முதலில் மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. முதல் ஆள் மயங்கி விழுந்ததும் அவரைத் தூக்க இரண்டாவது ஆள் இறங்குவார். பல இடங்களில் இரண்டு மூன்று பேர் ஒன்றாகச் சாவது இப்படித்தான். கையால் மலம் அள்ளும் வேலையை ஒழிப்பதற்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவதையே தடை செய்கிறது. முதல் முறை செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த இழப்பீட்டை, 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் இருக்கட்டும். அந்தப் பிள்ளை மடித்து வைத்த சட்டை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இருவருக்கும் பேசிய கூலியைக் கொடுத்து அனுப்பினேன். இரவு முழுவதும் வாகனப் பாதையில் கழிவுநீர் ஓடியது. காரை எடுக்க முடியவில்லை என்று ஒருவர் என்னிடம் சத்தம் போட்டார். போடட்டும் என்று நின்றேன். விடியற்காலை லாரி வந்து தொட்டியை உறிஞ்சி எடுத்த பிறகு, நீண்ட கொக்கியால் மேலிருந்தே மோட்டாரைத் தூக்கினோம். அதன் வாயில் சிக்கியிருந்தவை குழந்தைகளைத் துடைக்கும் ஈரத் துடைப்பான்கள், நாப்கின்கள், ஒரு சமையலறைத் துணி. மோட்டாரோடு இருக்க வேண்டிய சங்கிலி துருப்பிடித்து எப்போதோ அறுந்து போயிருந்தது. புதிய சங்கிலியும், மோட்டார் வழுக்கி ஏறி இறங்க வழிகாட்டிக் கம்பிகளும் போட்டு, மோட்டாரையும் பழுது பார்க்க 46,000 ரூபாய் ஆனது. இந்தச் சங்கிலியை மட்டும் இன்றே போய்ப் பாருங்கள். அது இருந்தால் யாரும் எந்த இரவிலும் இறங்க வேண்டியிருக்காது. ஒப்பந்தத்திலும் எழுதிவிடுங்கள்: எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்கக் கூடாது, இறக்கினால் ஒப்பந்தம் அன்றே ரத்து. நாங்கள் அந்த ஒப்பந்ததாரரை மாற்றிவிட்டோம்.

பிறகு ஒரு ஓய்வுபெற்ற பொறியாளர் கிடைத்தார். 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மூன்று மாதம் கூடவே இருந்தார். நாங்கள் செலவழித்ததில் மிகப் பயனுள்ள பணம் அதுதான். அழுகிய கசட்டை லாரியில் உறிஞ்சி எடுக்கச் சொன்னார். அடைத்துப்போன பழைய டிஃப்யூசர்களின் காற்றுக்குழாயை மூடிவிட்டு, மேலிருந்தே இறக்கவும் தூக்கவும் கூடிய புதிய வகையைப் போட்டார். 1,65,000 ரூபாய். அடுத்து வேண்டியது நுண்ணுயிர். "தயிருக்கு உறை ஊற்றுவதில்லையா, அதேதான்" என்றார். நன்றாக இயங்கும் இன்னொரு குடியிருப்பின் ஏரேஷன் தொட்டியிலிருந்து நான்கு லாரி கசடு கொண்டுவந்து எங்கள் தொட்டியில் விட்டோம். எடுத்த எடுப்பிலேயே முழுக் கழிவையும் விடக் கூடாது. நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். அதனால்தான் பாதிக் கழிவு பல நாள் லாரியிலேயே போனது.

அவர் எனக்குக் கொடுத்த கருவி ஒரு லிட்டர் அளவுகுழாய், அவ்வளவுதான். காலையில் ஏரேஷன் தொட்டி நீரை அதில் நிரப்பி அரை மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும். அடியில் படியும் கசடு எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். முதல் நாள் 40 மில்லி. ஒன்பதாம் நாள் 90. நடுவில் ஒரு நாள் 60ஆகக் குறைந்தது. விசாரித்தால், தரைத்தொட்டி கழுவிய பிளீச்சிங் தண்ணீரைச் சாக்கடையில் விட்டிருக்கிறார்கள். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருபதாம் நாள் 210, பிறகு 300ஐ ஒட்டி நின்றது. மேலே நிற்கும் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்ததை ஒவ்வொரு வீட்டுக்கும் படம் எடுத்து அனுப்பினேன். 250இலிருந்து 400 வரை இருந்தால் எங்கள் நிலையத்துக்கு நல்லது, கூடிக்கொண்டே போனால் உபரிக் கசட்டை வெளியேற்ற வேண்டும் என்றார். ஆபரேட்டர் இளைஞரைப் புதிய ஒப்பந்தத்திலும் எங்களிடமே வைத்துக்கொண்டோம், முழுநேரமாக. இப்போது அவரே அளந்து எழுதுகிறார், எண்கள் தினம் தினம் மாறுகின்றன.

மொத்தச் செலவைச் சொல்லிவிடுகிறேன். லாரி 148 லோடு, 2,66,400 ரூபாய். டிஃப்யூசர் 1,65,000. மோட்டாரும் சங்கிலியும் 46,000. பொறியாளர் 40,000. உறைக் கசடு 16,000. ஆய்வகக் கட்டணம் 14,000. ஆக 5,47,400 ரூபாய். இசைவாணைக்கான கட்டணம் தனி. வீட்டுக்கு ஏறத்தாழ 3,260 ரூபாய் என்று சிறப்பு வசூல் செய்தோம். புளோயரை நிறுத்தி வைத்திருந்த எழுபது நாளில் நான் மிச்சம் பிடித்தது 17,500 ரூபாய்.

நவம்பரில் எடுத்த மாதிரியில் பி.ஓ.டி. 11 வந்தது. இசைவாணை சங்கத்தின் பெயருக்கு வந்துவிட்டது. முடியும் தேதியை அலுவலக அறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன், காலாவதிக்கு நான்கு மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்ற குறிப்போடு. வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள் கடிதம் கொடுத்தோம்: கழிப்பறையில் துடைப்பானும் நாப்கினும் போடாதீர்கள், வறுத்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள், ஆசிட் வேண்டாம். பாதிப் பேர் கேட்கிறார்கள். மோட்டாரின் வாயிலிருந்து எடுத்தவற்றின் படத்தை லிஃப்டில் ஒட்டிய பிறகு இன்னும் சிலர் கேட்கிறார்கள்.

உபரி நீர்தான் இன்னும் தீராத பிரச்சினை. கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் போக நாளுக்கு 20,000 லிட்டர் மிஞ்சுகிறது. வடிகால் வழியை அடைத்துவிட்டோம். பக்கத்தில் கட்டுமான வேலை நடக்கும் இரண்டு இடங்கள் இப்போது லாரி வைத்து எடுத்துக்கொள்கின்றன. அந்த வேலை முடிந்ததும் என்ன செய்வது என்பது அடுத்த பொதுக்குழுவுக்கு நான் எழுதி வைத்திருக்கும் முதல் பொருள்.